முதலாளியே தோற்கடித்த அணி

அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் என்று ஒரு பேஸ்பால் அணி இருந்தது. 1899ஆம் வருஷம் அது 154 ஆட்டம் ஆடியது. ஜெயித்தது 20. தோற்றது 134. பெரிய லீக் பேஸ்பாலில் அதற்கு முன்னும் பின்னும் எந்த அணியும் ஒரு சீசனில் இவ்வளவு தோற்றதில்லை.

பேஸ்பால் பார்த்துப் பழகாதவர்களுக்கு இதன் கனம் உடனே புரியாது. கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் சாம்பியன் அணிகூட பத்தில் நாலு ஆட்டம் தோற்கும். அடிமட்ட அணியும் பத்தில் மூன்றோ நாலோ ஜெயித்துவிடும். அன்றைக்குப் பந்து எங்கே விழுகிறது, எதிரணியில் பந்து வீசும் பிட்சர் யார் என்பதைப் பொறுத்து யாரும் யாரையும் சாய்க்கலாம். 1962இல் புதிதாய் வந்த நியூயார்க் மெட்ஸ் 120 ஆட்டம் தோற்று ஊர் சிரித்தது. அவர்கள்கூட 40 ஜெயித்தார்கள். 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 தோற்றது. அவர்களும் 41 ஜெயித்தார்கள். அந்தக் கேவலங்களில் பாதியளவு வெற்றிதான் ஸ்பைடர்ஸுக்குக் கிடைத்தது. திறமை இல்லாததால் மட்டும் ஒரு அணி இந்த ஆழத்துக்கு இறங்கிவிட முடியாது. யாராவது கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும்.

இறக்கிவிட்டது அந்த அணியின் சொந்த முதலாளிகள்.

பேஸ்பால் பற்றிய வேடிக்கைத் தொகுப்புகளில் ஸ்பைடர்ஸ் கட்டாயம் இருக்கும். கோமாளி வீரர்கள், காலி மைதானம், தினம் ஒரு தோல்வி. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. அந்த சீசனை உட்கார்ந்து வரிசையாகப் படித்தால் மைதானத்தில் நடந்ததைவிட ஆபீஸில் நடந்ததுதான் அதிகம் தெரிகிறது. 134 தோல்வி என்பது ஒரு கணக்குப் புத்தகத்தின் சாதனை. பெயர் மட்டும் வீரர்கள் தலையில்.

முதலில் ஒன்று. ஸ்பைடர்ஸ் உதவாக்கரை அணி இல்லை. 1892இலிருந்து 1898 வரை ஏழு சீசன், ஒவ்வொன்றிலும் தோல்வியைவிட வெற்றி அதிகம். 1892, 1895, 1896 மூன்று வருஷமும் நேஷனல் லீக்கில் இரண்டாம் இடம். 1895இல் முதல் இரண்டு அணிகளுக்கு இடையே நடக்கும் டெம்பிள் கோப்பையில் பால்டிமோரை 4-1 என்று வீழ்த்தினார்கள். மேனேஜர் பாட்ஸி டெபோ சண்டைக்கோழி. இடது கள வீரர் ஜெஸ்ஸி பர்க்கெட் 1895, 1896 இரண்டு வருஷமும் .400ஐத் தாண்டி அடித்தவர். பத்து முறை மட்டை பிடித்தால் நாலு முறை ஹிட். இன்று யாராலும் முடியாத காரியம். ஷார்ட்ஸ்டாப் என்ற களநிலையில் பிறகு பெரும்பெயர் எடுத்த பாபி வாலஸ் அங்கேதான் வளர்ந்தார். இவர்களுக்கெல்லாம் மேலே, சை யங். பிட்சராக 511 ஆட்டம் ஜெயித்தவர். பேஸ்பாலில் எந்தச் சாதனையை முறியடிக்க முடியாது என்று கேட்டால் முதலில் வரும் எண் அதுதான். இன்று சிறந்த பிட்சருக்குக் கொடுக்கும் விருதே அவர் பெயரில்தான் இருக்கிறது.

அணியின் முதலாளிகள் ஃபிராங்க் ராபிசன், ஸ்டான்லி ராபிசன் என்ற சகோதரர்கள். தொழில், கிளீவ்லாந்தில் டிராம் ஓட்டுவது. 1891இல் அவர்கள் கட்டிய லீக் பார்க் மைதானம் அவர்களுடைய டிராம் பாதையிலேயே இருந்தது. போகும்போது டிராம் டிக்கெட், உள்ளே ஆட்டத்துக்கு டிக்கெட், திரும்பும்போது மறுபடி டிராம் டிக்கெட். ஒரே ரசிகனிடம் மூன்று முறை வசூல். அந்த மைதானத்தின் முதல் ஆட்டத்தில் பந்து வீசி ஜெயித்தவரும் சை யங்தான்.

ஆனால் கூட்டம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. முக்கியக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஆறு நாள் ஆலையில் உழைப்பவனுக்கு ஆட்டம் பார்க்க ஞாயிறு ஒன்றுதான் உண்டு. கிளீவ்லாந்தில் ஞாயிறு ஆட்டத்துக்குத் தடை. 1897 மே 16, ஞாயிறு. அண்ணன் ஃபிராங்க் ராபிசன் துணிந்து ஆட்டம் நடத்திப் பார்த்தார். ஒரு இன்னிங்ஸ் முடிந்ததும் போலீஸ் வந்து இரண்டு அணி வீரர்களையும் கைது செய்தது. வழக்கு நடந்தது, ராபிசன் தோற்றார். அன்றிலிருந்து ஊர்மேல் அவருக்குக் கோபம். 1898இல் நிறைய ஆட்டங்களை வெளியூருக்கே தள்ளிவிட்டார். சொந்த ஊரிலேயே பாதி நாள் ஆடாத அணிமீது ஊருக்கு மட்டும் எப்படிப் பாசம் வரும்? முதலாளி ஊரைக் குறை சொன்னார், ஊர் முதலாளியைக் குறை சொன்னது.

இந்த நேரத்தில் செயின்ட் லூயிஸ் அணி விற்பனைக்கு வந்தது. அதன் முதலாளி கிறிஸ் வான் டெர் ஆஹே ஒரு பீர்க்கடைக்காரர். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர். 1898இல் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய மைதானம் தீப்பிடித்தது. வழக்கு, கடன், திவால் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, 1899 மார்ச்சில் அணி ஏலத்துக்குப் போனது. கைமாறிக் கடைசியில் ராபிசன் சகோதரர்களிடம் வந்து சேர்ந்தது. அன்று செயின்ட் லூயிஸ் கிளீவ்லாந்தைவிடப் பெரிய நகரம். முக்கியமாக, அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆடலாம்.

ஒரே முதலாளி ஒரே லீக்கில் இரண்டு அணி வைத்துக்கொள்ள அன்றைக்குத் தடை கிடையாது. ராபிசன் மட்டும் இல்லை. புரூக்ளினுக்கும் பால்டிமோருக்கும் அந்த வருஷம் ஒரே முதலாளிக் கூட்டம்தான். ஒருவருக்கு இரண்டு ஊரில் கடை இருந்தால் என்ன செய்வார்? வியாபாரம் ஓடும் கடைக்கு நல்ல சரக்கையெல்லாம் ஏற்றிவிட்டு, மிஞ்சியதை மற்றதில் அடுக்குவார். ராபிசன் அதைத்தான் செய்தார். சை யங், பர்க்கெட், வாலஸ், மேனேஜர் டெபோ என்று முழு அணியையும் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார். 1898இல் படுதோல்வி கண்ட செயின்ட் லூயிஸின் கழிவுகள் கிளீவ்லாந்துக்கு வந்தன. புது அணிக்கு 'பெர்ஃபெக்டோஸ்' என்று பெயர் வேறு. குறையே இல்லாதவர்களாம்.

வீரர்கள் பெரும்பாலும் எதிர்த்துக் கேட்க முடியாது. ரிசர்வ் கிளாஸ் என்ற ஒப்பந்த விதிப்படி ஒரு வீரனை அவன் அணி விடுவிக்கும்வரை அவன் வேறு எங்கும் போக முடியாது. அணி மட்டும் அவனை எங்கு வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். சம்பளத்துக்கு வருஷம் 2,400 டாலர் என்று உச்சவரம்பு. போட்டி லீக் ஏதும் இல்லை. இருப்பது ஒரே ஒரு நேஷனல் லீக், அதில் 12 அணி.

சீசன் ஏப்ரல் 15 அன்று தொடங்கியது. முதல் ஆட்டமே செயின்ட் லூயிஸில், பெர்ஃபெக்டோஸுக்கு எதிராக. எதிரே பந்து வீச நின்றவர், போன வருஷம்வரை கிளீவ்லாந்துக்காக வீசிய சை யங். 10-1 தோல்வி.

கிளீவ்லாந்து பக்கத்தைப் பார்த்துக்கொள்ள தம்பி ஸ்டான்லி வந்தார். அதை ஒரு ஓரத்து வேலையாகத்தான் நடத்தப்போகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். மேனேஜர் லேவ் கிராஸ் நல்ல மூன்றாம் பேஸ் வீரர். கிடைத்த ஆட்களை வைத்து 38 ஆட்டத்தில் 8 ஜெயித்தார். மோசம்தான். ஆனாலும் ஐந்தில் ஒன்று கிடைத்தது. அப்புறம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். கிராஸ் நன்றாக ஆடுகிறார் என்று செயின்ட் லூயிஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மூன்று ஆட்டம் ஜெயித்துக் கொடுத்திருந்த பிட்சர் வில்லி சட்ஹாஃபையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதாவது சீசன் தொடங்கும் முன் ஒரு தடவை கறந்தது போதாது என்று, நடுவிலும் யாராவது தலையெடுத்தால் அவரையும் பிடுங்கினார்கள். கிராஸ் போனபிறகு மிச்சம் 116 ஆட்டத்தில் 12 வெற்றி. பத்தில் ஒன்று.

இந்த 8-30, 12-104 என்ற இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கதையே விளங்கும். தொடக்கத்தில் இருந்த பலவீனமான அணிகூட இந்த அளவுக்குத் தோற்றிருக்காது. அதையும் கழித்துக் கழித்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.

கிராஸுக்குப் பின் மேனேஜர் பொறுப்பு ஜோ க்வின் தலையில் விழுந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து பெரிய லீக்கில் ஆடிய முதல் மனிதர். ஆட்டம் இல்லாத மாதங்களில் செயின்ட் லூயிஸில் பிணம் அடக்கம் செய்யும் தொழில். பத்திரிகைக்காரர்களுக்கு ஜோக் கண்டுபிடிக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. ஆனால் க்வின் கேலிக்குரிய ஆள் இல்லை. முப்பதுகளின் நடுவில் இரண்டாம் பேஸில் தினமும் நின்று, .286 அடித்து, மேனேஜராகவும் இருந்து அந்த சீசனை முடித்துக் கொடுத்தார்.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? வரவில்லை. முதல் 16 சொந்த ஊர் ஆட்டத்துக்கு மொத்தமாக 3,179 பேர். ஆட்டத்துக்கு 199. 9,000 பேர் உட்காரக்கூடிய மைதானம். டிக்கெட் பணத்தில் வெளியூர் அணிக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு அவர்களுடைய ரயில், ஹோட்டல் செலவுக்கே காணவில்லை. இனி கிளீவ்லாந்துக்கு வரமாட்டோம் என்று மற்ற அணிகள் சொல்லிவிட்டன. அதனால் மீதி 93 ஆட்டத்தில் 85ஐ ஸ்பைடர்ஸ் வெளியூரில் ஆட வேண்டியதாயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதே பிழைப்பு. பத்திரிகைகள் 'நாடோடிகள்', 'அகதிகள்' என்று பெயர் வைத்தன. வருஷக் கடைசியில் பார்த்தால் சொந்த ஊரில் 42 ஆட்டம், 9 வெற்றி, 33 தோல்வி. வெளியூரில் 112 ஆட்டம், 11 வெற்றி, 101 தோல்வி. இப்போது ஒரு அணி வெளியூரில் ஆடுவதே 81 ஆட்டம்தான். எனவே அந்த 101ஐ யாராலும் தொடக்கூட முடியாது.

சொந்த ஊரில் சீசன் முழுக்க வந்தவர்கள் 6,088 பேர். ஆட்டத்துக்கு 145. ஊர் கைவிட்டுவிட்டது என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அந்த 145 பேர்மேல்தான் ஆச்சரியம். எதற்காக வந்தார்கள்?

பிட்சர்களின் கணக்கைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஜிம் ஹ்யூகி 4 வெற்றி, 30 தோல்வி. ஒரே சீசனில் 30 ஆட்டம் தோற்ற கடைசிப் பிட்சர் அவர்தான். சார்லி நெப்பர் 4-22. பிராங்க் பேட்ஸ் 1-18. 'கிறுக்கன்' என்றே பட்டப்பெயர் வாங்கிய ஷ்மிட் 2-17. ஹாரி காலிஃப்ளவர் (நிஜப் பெயர்தான்) 1-11. 1892இல் பாஸ்டனுக்காக 35 ஆட்டம் ஜெயித்த ஜாக் ஸ்டிவெட்ஸ் இங்கே வந்து நாலு தோற்று, ஒன்றுகூட ஜெயிக்காமல் ஆட்ட வாழ்க்கையை முடித்துக்கொண்டார். ஹ்யூகியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 30 ஆட்டம் தோற்க வேண்டுமென்றால் 30 தடவைக்கு மேல் பந்து வீச ஆள் நிற்க வேண்டும். இன்றும் தோற்போம் என்று தெரிந்தும், கை வலியோடு, வெளியூர் மைதானத்தில் ஒன்பது இன்னிங்ஸ் வீச ஒருவன் திரும்பத் திரும்ப எழுந்து வந்தான் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். அணி மொத்தம் அடித்த ரன் 529. கொடுத்தது 1,252. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இந்தக் கூட்டத்தில் சில நாள் வந்துபோன இன்னொருவர் லூயிஸ் சாக்கலெக்ஸிஸ். மெய்ன் மாநிலத்து பெனாப்ஸ்காட் பழங்குடியைச் சேர்ந்தவர். 1897இல் ஸ்பைடர்ஸுக்கு வந்தபோது அமெரிக்காவே அவரைப் பேசியது. 66 ஆட்டத்தில் .338 அடித்தார். மின்னல் வேகம், துப்பாக்கி மாதிரி கை. போன ஊரிலெல்லாம் ரசிகர்கள் பழங்குடிப் போர்க்குரல் எழுப்பி அவரைக் கிண்டல் செய்தார்கள். பத்திரிகைகள் அணியையே 'இந்தியன்ஸ்' என்று எழுதத் தொடங்கின. அதே வருஷம் காலில் காயம், கூடவே குடி. 1899இல் செயின்ட் லூயிஸுக்குப் போனவர்களின் பட்டியலில் அவர் இல்லை. எஞ்சியவர்களோடு எஞ்சியவராக ஏழு ஆட்டம் ஆடினார், மே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். 1913இல், 42 வயதில், மெய்னிலேயே இறந்தார்.

ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 16 வரை ஸ்பைடர்ஸ் தொடர்ந்து 24 ஆட்டம் தோற்றது. அப்புறம் ஒரே ஒரு வெற்றி. அதன்பின் மறுபடி 16 தோல்வியோடு சீசனே முடிந்தது. கடைசி 41 ஆட்டத்தில் 40 தோல்வி. அக்டோபர் 15, சின்சினாட்டியில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதலாவதில் 16-1. இரண்டாவதில் பந்து வீச எடி கோல்ப் என்ற பையனை நிறுத்தினார்கள். அவன் ஒரு ஹோட்டலில் சுருட்டு விற்கும் கவுண்ட்டரில் வேலை பார்த்தவன். பெரிய லீக்கில் அவன் ஆடிய ஒரே ஆட்டம் அது. 19-3 என்று தோற்றார்கள். சீசன் முடிந்ததும் வீரர்கள் பணம் போட்டு, அணியோடு பயணம் செய்த செயலாளர் ஜார்ஜ் மியூருக்கு வைரப் பதக்கம் ஒன்று கொடுத்தார்களாம். எங்கள் ஆட்டம் அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது நீங்கள் ஒருவர்தான் என்று காரணம் சொன்னார்களாம். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அப்போதும் அவர்களுக்குச் சிரிக்கத் தெம்பு இருந்திருக்கிறது என்பது.

சரி, ஊரைக் காலி செய்து கட்டிய பெர்ஃபெக்டோஸ் கோப்பை வாங்கியதா? இல்லை. 84-67, ஐந்தாம் இடம். முந்தைய வருஷம் இதே ஆட்கள் கிளீவ்லாந்தில் 81-68 ஆடி வாங்கியதும் ஐந்தாம் இடம்தான். சை யங் 26 ஆட்டம் ஜெயித்தார், பர்க்கெட் .400க்கு ஒட்டி அடித்தார். ஒரு அணியையே பலி கொடுத்து, இருந்த இடத்திலேயே நின்றார்கள்.

இதே வருஷத்தில் பால்டிமோரில் நடந்ததையும் சொன்னால்தான் நியாயம். அங்கேயும் கீலர், கெல்லி, ஜென்னிங்ஸ் என்று பெரிய ஆட்களைப் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். புரூக்ளின் 101 ஜெயித்துச் சாம்பியன் ஆனது. ஆனால் ஜான் மெக்ரா, வில்பர்ட் ராபின்சன் என்ற இரண்டு வீரர்கள் பால்டிமோரை விட்டு வரமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். ஊரில் அவர்களுக்குச் சொந்த வியாபாரம் இருந்தது. 26 வயது மெக்ராவிடம் மேனேஜர் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஒப்புக்குச் சப்பாணிகள் என்று நினைத்து விட்டுப்போன அந்த அணி 86-62 ஆடி நாலாம் இடத்துக்கு வந்தது. குறையே இல்லாத பெர்ஃபெக்டோஸுக்கு ஒரு படி மேலே!

அதனால்தான் சொல்கிறேன், நல்ல ஆட்களைக் கொண்டுபோனது மட்டும் ஸ்பைடர்ஸைக் கொல்லவில்லை. பால்டிமோரில் ஜெயிக்க நினைத்த ஒருவர் மிச்சம் இருந்தார். அவர் கையில் அதிகாரமும் இருந்தது. கிளீவ்லாந்தில் அப்படி யாராவது தென்பட்டால் அவரையும் ரயிலேற்றிவிட்டார்கள்.

விளைவும் அதிக நாள் காத்திருக்கவில்லை. சீசன் முடிந்தபின் நேஷனல் லீக் 12 அணியை 8 ஆக்கியது. கிளீவ்லாந்து, பால்டிமோர், வாஷிங்டன், லூயிவில் நாலும் போயின. இந்த இடத்தில்தான் லீக் பெரிய தப்பு செய்தது. மைதானமும் ரசிகர்களும் உள்ள நகரங்களைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் யாராவது நுழையத்தானே செய்வார்கள்? பான் ஜான்சன் என்ற லீக் தலைவர் நுழைந்தார். தன் வெஸ்டர்ன் லீக்குக்கு அமெரிக்கன் லீக் என்று பெயர் மாற்றி, 1900இல் கிளீவ்லாந்தில் ஒரு அணியை வைத்தார், அதே லீக் பார்க்கில். 1901இல் நாங்களும் பெரிய லீக்தான் என்று அறிவித்து, 2,400 டாலர் உச்சவரம்பில் கிடந்தவர்களுக்கு அதிகச் சம்பளம் காட்டினார். முதலில் போனவர்களில் ஒருவர் சை யங். பாஸ்டனுக்குப் போய் அந்த வருஷம் 33 ஆட்டம் ஜெயித்தார். ராபிசன் ஊர்விட்டு ஊர் தூக்கிக்கொண்டு போன புதையல், இரண்டே வருஷத்தில் கைநழுவியது. இன்றைக்கு கார்டியன்ஸ் என்ற பெயரில் ஆடும் கிளீவ்லாந்து அணி அப்போது வந்ததுதான்.

ஒரே ஆள் இரண்டு அணி வைத்துக்கொள்வதைப் பிற்பாடு தடை செய்தார்கள். பெர்ஃபெக்டோஸ் 1900இலேயே கார்டினல்ஸ் ஆகிவிட்டது. ஃபிராங்க் 1908இலும், ஸ்டான்லி 1911இலும் இறந்தார்கள். அணி ஃபிராங்கின் மகள் ஹெலீன் பிரிட்டனுக்கு வந்தது. பெரிய லீக் அணிக்கு முதலாளியான முதல் பெண் அவர். விற்றுவிடு என்று மற்ற முதலாளிகள் நெருக்கினார்கள். அவர் உடனே விற்கவில்லை, சில வருஷம் நடத்திக் காட்டினார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

சாதனைப் பட்டியலில் 134க்கு நேரே 'கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ்' என்றுதான் போட்டிருக்கிறது, அதை மாற்ற முடியாது. நான் படிக்கும்போது மட்டும் அந்த இடத்தில் 'ராபிசன் சகோதரர்கள்' என்று படித்துக்கொள்கிறேன். மிச்சம் இருக்கும் 20 வெற்றிதான் க்வினுக்கும் ஹ்யூகிக்கும் சொந்தம்.

வீரர்களைக் கட்டிப்போட்ட அந்த ரிசர்வ் கிளாஸை எதிர்த்து 1890இல் வீரர்களே சேர்ந்து சொந்தமாக ஒரு லீக் நடத்திப் பார்த்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய ஜான் மான்ட்கோமரி வார்ட் சட்டம் படித்த ஷார்ட்ஸ்டாப். அடுத்த பதிவில் அவரைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன்.